எரிகோ மதில் விழுந்ததா? அகழாய்வில் உண்மையில் கிடைத்தது என்ன?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு காணொளிகள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. எரிகோ மதில் விழுந்ததை மண்ணுக்கடியில் கண்டுபிடித்துவிட்டார்கள், வேதம் சொன்னது அப்படியே நிரூபணம் ஆகிவிட்டது என்கிறது ஒன்று. யாத்திராகமம் (இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வந்த கதை) தொடங்கி தாவீது ராஜா வரை எல்லாமே பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதிய கதை, ஒரு கல்கூட சாட்சிக்கு இல்லை என்கிறது இன்னொன்று. யார் தோண்டினார்கள், எந்த ஆண்டு, என்ன கிடைத்தது என்ற விவரம் இரண்டிலுமே இல்லை.

நான் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அவர்களும் இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். இங்கே அகழாய்வு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், வேதம் ஆழமாகப் படித்தவர்களும் இருக்கிறீர்கள். எரிகோவில் என்னதான் கிடைத்தது? இஸ்ரவேலர் சுற்றி வந்து ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்தது என்று சொல்லும் யோசுவா 6-ஆம் அதிகாரத்தோடு அது எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது? சண்டை வேண்டாம், விவரம் வேண்டும்.

மண்ணடுக்கு எழுதியது:

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பழைய எரிகோ இருந்த இடத்தைப் பற்றி அதிகம் சந்தேகம் இல்லை. யோர்தான் பள்ளத்தாக்கில், இன்றைய எரிகோ நகரத்தை ஒட்டி இருக்கும் தெல் எஸ்-சுல்தான் என்ற மேடுதான் அது. மண் செங்கல்லில் வீடு கட்டுவார்கள், அது இடியும், இடிந்ததைச் சமப்படுத்தி அதன் மேலேயே மறுபடி கட்டுவார்கள். இப்படியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உயர்ந்த மேடு. கி.மு. 8000 வாக்கிலேயே அங்கே எட்டு மீட்டர் உயரத்துக்கு, உள்ளே படிக்கட்டோடு ஒரு கல் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். யோசுவா வேண்டாம், மோசே வேண்டாம், அந்தக் கோபுரம் ஒன்றுக்காகவே அந்த இடம் உலக வரலாற்றில் முக்கியமானது. 2023-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சார்லஸ் வாரன் 1868-இல் அங்கே குழி இறக்கிப் பார்த்தார். 1907-இலிருந்து செல்லின், வாட்சிங்கர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தோண்டினார்கள். முதல் காணொளியில் சொல்லும் 'கண்டுபிடிப்பு' அதற்கு அப்புறம் வந்தது. 1930 முதல் 1936 வரை தோண்டிய ஜான் கார்ஸ்டாங், சரிந்து கிடந்த இரட்டை மண் செங்கல் மதிலைப் பார்த்தார், தீ எரிந்த தடத்தையும் பார்த்தார். இது கி.மு. 1400 வாக்கில் விழுந்தது, யோசுவா புத்தகம் சொல்லும் மதில் இதுதான் என்று அறிவித்தார். பத்திரிகைகள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. வேதாகமத் துணைநூல்களிலும் ஏறிவிட்டது. அங்கிருந்துதான் இன்றைக்கு உங்கள் வாட்ஸ்அப் வரை வருகிறது.

1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அதே மேட்டை மறுபடி தோண்டினார். அவர் தோண்டிய விதத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் புரியாது. மேட்டை வெட்டும்போது குழியின் பக்கச் சுவரைச் செங்குத்தாக, நேராகச் சீவி விட்டுவைப்பார். அந்தச் சுவரில் சாம்பல் ஒரு வரி, இடிந்த செங்கல் ஒரு வரி, மிதிபட்டு இறுகிய தரை ஒரு வரி என்று அடுக்குகள் தெரியும். எந்த மதில் எந்தத் தரையோடு சேர்ந்தது, எந்தக் குழி எந்த அடுக்கை வெட்டிக்கொண்டு இறங்கியது என்பதை அங்கே படித்துவிடலாம். பானை ஓட்டை எந்த உயரத்தில் எடுத்தோம் என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த அடுக்கில் எடுத்தோம் என்று பார்க்க வேண்டும். மார்ட்டிமர் வீலரோடு இங்கிலாந்தில் வேலை பார்த்து அவர் கற்றுக்கொண்ட முறை இது. அதே வீலர்தான் 1945-இல் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் இந்த முறையில் தோண்டி நம் ஆட்களுக்கும் பயிற்சி கொடுத்தவர். அரிக்கமேட்டுக் குழியையும் எரிகோக் குழியையும் ஒரே பாடம் படித்தவர்கள் வெட்டினார்கள் என்று சொல்லலாம்.

அந்த முறையில் பார்த்தபோது, கார்ஸ்டாங் காட்டிய இரட்டை மதில் கி.மு. 2300-க்கும் முந்தைய முன் வெண்கலக் காலத்தது என்று தெரிந்தது. யோசுவாவுக்கு எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியது. அந்தக் காலத்தில் மதில் 17 முறை இடிந்தும் சரிந்தும் திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. நிலநடுக்கம் அதிகம் வரும் பள்ளத்தாக்கு அது. அதற்கு அப்புறம் இன்னொரு பெரிய நகரம் அங்கே எழுந்து, கி.மு. 1550 வாக்கில் தீயில் அழிந்தது. பிறகு ஊர் வெகுகாலம் வெறிச்சோடிக் கிடந்தது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் பேர் வந்து குடியிருந்ததற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு துண்டுத் தரை, ஒரு மண் அடுப்பு, பக்கத்தில் ஒரு சிறு குடுவை. மதில் கிடைக்கவில்லை. பெரும்பாலான ஆய்வாளர்கள் இஸ்ரவேலர் கானானுக்குள் வந்ததாக வைத்துக்கொள்ளும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில், விழுவதற்கு அங்கே மதில் இல்லை.

பாளை வேதமாணவன் எழுதியது:

மண்ணடுக்கு தம்பி தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கதை கென்யனோடு முடிந்துவிட்டது போல நிறுத்திவிட்டீர்கள்.

1 இராஜாக்கள் 6:1-ஐப் பாருங்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட 480-ஆம் வருஷத்தில் சாலொமோன் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினான் என்று இருக்கிறது. ஆலயம் தொடங்கியது கி.மு. 966 வாக்கில் என்று வைத்து, வனாந்தரத்தில் போன 40 வருஷத்தையும் கணக்கில் எடுத்தால், எரிகோ விழுந்தது கி.மு. 1400-ஐ ஒட்டி. 13-ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட தேதி, வேதம் கொடுத்த தேதி அல்ல.

1990-இல் பிரையன்ட் வுட் கென்யனுடைய பானைகளை மறுபடி ஆராய்ந்து எழுதினார். சைப்ரஸ் தீவிலிருந்து வரும் இறக்குமதிப் பானைகள் கிடைக்காததை வைத்து, அந்தப் பானைகள் புழங்கிய காலத்துக்கு முன்பே நகரம் அழிந்துவிட்டது என்று கென்யன் முடிவுகட்டினார். அவர் தோண்டிய பகுதி சிறியது, ஏழைகள் குடியிருந்த பகுதி. அங்கே இறக்குமதிச் சாமான் இல்லாததை வைத்து ஊருக்கே தேதி சொல்ல முடியுமா? உள்ளூர்ப் பானைகளைப் பார்த்தால் கி.மு. 1400 வரை வருகிறது என்பது வுட்டின் வாதம். கல்லறைகளில் கிடைத்த, வண்டு வடிவில் செய்த எகிப்திய முத்திரைகளும் 14-ஆம் நூற்றாண்டு வரை வருகின்றன. கீழே கல்லால் கட்டிய தாங்குசுவரின் அடிவாரத்தில் மண் செங்கல் சரிந்து குவிந்திருந்தது.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்து நிறுத்துவது தானியம். எரிந்த வீடுகளில் சாடி சாடியாகத் தானியம் கருகிக் கிடந்தது. மாதக்கணக்கில் முற்றுகை நடந்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் அதைத் தின்று தீர்த்திருப்பார்கள். ஜெயித்தவர்கள் சாதாரணப் படையாக இருந்திருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அறுப்புக் காலம் என்று யோசுவா 3:15 சொல்கிறது. எதையும் எடுக்கக்கூடாது என்று 6:18 சொல்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

மண்ணடுக்கு எழுதியது:

ஐயா, வுட் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. இல்லாத பானையை வைத்துத் தேதி சொல்வது பலவீனமான வாதம் என்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன். நல்லவேளையாக, அந்தத் தானியமே நமக்குப் பதில் வைத்திருக்கிறது.

கார்பன் காலக்கணிப்பில் மரக்கட்டையை அளந்தால் ஒரு சிக்கல் வரும். உத்தரத்துக்கு வெட்டிய மரம் நூறு வயதுடையதாக இருக்கலாம், பழைய வீட்டிலிருந்து பிடுங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். வீடு எரிந்த ஆண்டுக்கும் மரம் வளர்ந்த ஆண்டுக்கும் இடைவெளி விழும். தானியத்தில் அந்தத் தொல்லை இல்லை. அந்த வருஷம் அறுத்தது, அந்த வருஷமோ அடுத்த வருஷமோ எரிந்தது. நீங்கள் சொல்லும் அதே எரிந்த அடுக்கின் தானியத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த புருயின்ஸ், வான் டெர் பிளிக்ட் இருவரும் அளந்து 1995-இல் வெளியிட்டார்கள். வந்த தேதி கி.மு. 16-ஆம் நூற்றாண்டு. கென்யன் பானையை வைத்துச் சொன்னதும் அதைத்தான். வுட் தன் பக்கத்துக்குக் காட்டிய ஒரு கார்பன் அளவு பிரிட்டிஷ் மியூசியம் கொடுத்தது. அந்தக் காலத்தில் தங்கள் கருவியில் பிழை இருந்தது என்று மியூசியமே பின்னால் அந்தத் தொகுப்பைத் திருத்திவிட்டது.

வண்டு முத்திரை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கல்லறையில் 14-ஆம் நூற்றாண்டு அரசன் பெயர் பொறித்த முத்திரை இருந்தால், அந்தக் காலத்திலோ அதற்குப் பிறகோ யாரோ அங்கே பிணம் புதைத்தார்கள் என்று மட்டும்தான் பொருள். மேட்டின் மேல் மதில் நின்றதா என்று அது சொல்லாது. அந்த மண் அடுப்புக்காரர்களே புதைத்திருக்கலாம்.

வேண்டுமானால் ஒன்றைச் சொல்லலாம். 14, 13-ஆம் நூற்றாண்டு அடுக்குகள் மழையில் கரைந்து போயிருக்கலாம் என்று கென்யனே எழுதினார். மேட்டின் உச்சி அரிக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் கரைந்த மண் அடிவாரத்தில் சேர வேண்டும், அதோடு அக்காலப் பானை ஓடுகளும் சேர வேண்டும். ஒரு மதில் சூழ்ந்த நகரம் விட்டுப்போகும் அளவுக்கு அவை கிடைக்கவில்லை.

எரிகோவுக்கு அடுத்து யோசுவா பிடித்ததாகச் சொல்லும் ஆயி பட்டணத்தில் இன்னும் கடினம். எத்-தெல் என்ற மேட்டை 1933-இலிருந்து ஜூடித் மார்கே-கிராவுஸ் தோண்டினார், 1964-இலிருந்து ஜோசப் கால்வே தோண்டினார். கால்வே அமெரிக்க பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி ஆசிரியர், வேதத்தைப் பொய்யாக்க வந்தவர் அல்ல. கி.மு. 2400 வாக்கில் அழிந்த ஊர், ஏறத்தாழ 1200 வரை ஆளில்லாமல் கிடந்தது என்பதுதான் அவருக்கும் கிடைத்தது. எத்-தெல் ஆயி இல்லை, வேறு மேடு என்று வுட் உட்படச் சிலர் வேறிடம் தேடுகிறார்கள்.

ஆனால் ஆத்சோரில் காட்சியே வேறு. அங்கே 13-ஆம் நூற்றாண்டில் மாபெரும் தீ. அரண்மனையின் மண் செங்கல் உருகும் அளவுக்குச் சூடு, கருங்கல் பீடங்கள் வெடித்துப் பிளந்திருக்கின்றன. தெய்வச் சிலைகள், அரசர் சிலைகள் தலையும் கையும் வெட்டிப் போடப்பட்டிருக்கின்றன. மேடுகளின் மேல் நின்ற பட்டணங்களில் ஆத்சோரை மட்டும் யோசுவா சுட்டெரித்தான் என்கிறது யோசுவா 11:13. இஸ்ரவேலர்தான் செய்தார்கள் என்று அங்கே பல ஆண்டு தோண்டிய அம்னோன் பென்-தோர் உறுதியாக எழுதினார். அவரோடு சேர்ந்து தோண்டிய ஷரோன் சுக்கர்மேன், நகரத்துக்குள்ளேயே மக்கள் ஆட்சியாளர்கள் மேல் எழுந்த கலகம் என்றார். ஒரே குழி, ஒரே சாம்பல், இரண்டு வாசிப்பு.

திண்ணைத்தோழர் எழுதியது:

//ஒரே குழி, ஒரே சாம்பல், இரண்டு வாசிப்பு//

தோழர், இவ்வளவு தெரிந்தும் ஏன் தயங்குகிறீர்கள்? ஆபிரகாம், ஈசாக்கு கதைகளுக்கு வரலாற்று அடிப்படை கிடையாது என்று தாமஸ் தாம்சன் 1974-இலேயே எழுதிவிட்டார். பிலிப் டேவிஸ், லெம்கே போன்றவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். வேதாகமம் காட்டும் 'பழைய இஸ்ரவேல்' என்பதே பாரசீகர் ஆட்சிக் காலத்தில் (கி.மு. 6 முதல் 4-ஆம் நூற்றாண்டு வரை), நாடு இழந்து திரும்பியவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கடந்தகாலம் என்றார்கள். நிலத்துக்கு உரிமை கோர ஒரு முன்னோர் கதை தேவைப்பட்டது, எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தக் கதையைக் காட்டித்தான் அங்கே நிலம் பறிபோகிறது. இதைப் பூசி மெழுகாமல் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

யாழ் வாசகி எழுதியது:

திண்ணைத்தோழர், உங்கள் கடைசிக் கவலை எனக்கும் உண்டு. நிலம் இழந்தவர்களின் வலி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தக் கவலைக்காக ஆதாரத்தை வளைக்க வேண்டியதில்லை. ஒரு பழைய புத்தகம் உண்மை என்றாலும் பொய் என்றாலும் இன்றைக்கு ஒருவரை வீட்டை விட்டுத் துரத்த அது உரிமை தராது.

'எல்லாமே பாரசீகக் காலக் கற்பனை' என்ற வாதத்துக்குப் பெரிய அடி 1993-இல் விழுந்தது. தெல் தாண் என்ற இடத்தில் அவ்ராகாம் பீரான் குழுவில் இருந்த அளவையாளர் கிலா குக், பிற்காலச் சுவர் ஒன்றில் சாதாரணக் கல்லாக வைத்துக் கட்டியிருந்த கருங்கல்லில் எழுத்து இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு துண்டுகள் கிடைத்தன. கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் அரமேய மொழிக் கல்வெட்டு. இஸ்ரவேல் அரசனையும் 'தாவீதின் வீட்டு' அரசனையும் கொன்றதாக எதிரி அரசன் ஒருவன் பெருமை பேசுகிறான். டேவிஸ் அந்த வாசிப்பை மறுத்துப் பார்த்தார், ஆனால் இன்றைக்குப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டது 'தாவீதின் வீடு' என்ற வாசிப்பைத்தான். தாவீது கோலியாத்தைக் கல்லால் அடித்தான் என்று இது நிரூபிக்கவில்லை. தாவீது காலத்துக்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டு போல கழித்து, யூதாவின் அரச வம்சத்தை அயலவர் அவன் பெயரால் அழைத்தார்கள் என்று நிரூபிக்கிறது. அது சின்ன விஷயம் அல்ல.

1868-இல் தீபோனில் கிடைத்த மோவாபு அரசன் மேசாவின் கல்லும் அப்படித்தான். இஸ்ரவேல் அரசன் ஒம்ரி தன் நாட்டை நெடுநாள் ஒடுக்கியதாகவும், தன் தெய்வம் கேமோசின் அருளால் தான் மீண்டதாகவும் மேசா சொல்கிறான். 2 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் இதே மேசா, இதே கலகம், எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது.

நான் இருப்பது லண்டனில். பிரிட்டிஷ் மியூசியத்தில் லாகீஸ் அறைக்குப் பலதடவை போயிருக்கிறேன். அசீரிய அரசன் சனகெரிப் கி.மு. 701-இல் யூதாவின் லாகீஸ் கோட்டையைப் பிடித்ததை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். மதிலை நோக்கிச் சரிவு மேடு போட்டு, அதன் மேல் இடிப்பு எந்திரத்தை ஏற்றுகிறார்கள். மேலிருந்து தீப்பந்தம் விழுகிறது. எந்திரம் எரிந்துவிடாமல் ஒரு வீரன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறான். கீழே ஒரு குடும்பம் மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு சிறைபோகிறது. டேவிட் உசிஷ்கின் லாகீஸ் மேட்டைத் தோண்டியபோது அந்தச் சரிவு மேடு அங்கேயே இருந்தது. நூற்றுக்கணக்கான இரும்பு அம்புமுனைகளும் கவண்கற்களும் கிடைத்தன.

சனகெரிப்பின் களிமண் சாசனத்தில் யூதாவின் 46 கோட்டை நகரங்களைப் பிடித்தேன், எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவை போல அடைத்தேன் என்று இருக்கிறது. எருசலேமைப் பிடித்தேன் என்று எங்குமே இல்லை. எசேக்கியா கொடுத்த கப்பம் 30 தாலந்து பொன் என்கிறது சாசனம். 2 இராஜாக்கள் 18:14-உம் 30 தாலந்து பொன் என்கிறது. வெள்ளியில் மட்டும் 800, 300 என்று வேறுபடுகிறது. கர்த்தருடைய தூதன் 1,85,000 பேரை ஒரே இரவில் கொன்றான் என்ற பகுதிக்கு வெளியே சாட்சி கிடையாது. ஒரே கதைக்குள் சாட்சி உள்ள வரியும் இல்லாத வரியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 'வேதாகமம் உண்மையா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது என்று நான் சொல்வது இதனால்தான். எந்தக் கதை, எந்த நூற்றாண்டு, எந்த வரி என்று கேட்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

யாழ் அக்கா சொன்ன 'எந்த வரி' என்பதற்கு என் பங்கு ஒன்று.

எண்ணாகமம் 1:46-இல் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,03,550 பேர். 3:43-இல் ஒரு மாதக் குழந்தை முதல் எண்ணிய தலைச்சன் ஆண்கள் 22,273 பேர். வகுத்துப் பாருங்கள், ஒரு தலைச்சனுக்கு 27 பேர் வருகிறது. அதுவும் வளர்ந்த ஆண்களை மட்டும் எடுத்தால். சிறுவர்களையும் பெண் பிள்ளைகளையும் சேர்த்தால் ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளை ஆகும்?

இந்தக் கணக்கைப் போட்டு 1862-இல் புத்தகமாக வெளியிட்டவர் ஒரு பிஷப். தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் ஆங்கிலிகன் பிஷப்பாக இருந்த ஜான் வில்லியம் கொலென்சோ. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், கணக்குப் பாடநூல்கள் எழுதியவர். வேதத்தை சூலு மொழிக்குக் கொண்டுவரும்போது உடன் உழைத்த வில்லியம் என்கிடி, ஜலப்பிரளயக் கதையை வைத்து 'இதெல்லாம் உண்மைதானா?' என்று கேட்டார். அந்த மனிதருக்குத் தெரிந்தே பொய்யான பதில் சொல்ல மாட்டேன் என்று கொலென்சோ உட்கார்ந்து ஆராய்ந்தார். அதற்காகக் கேப்டவுன் பிஷப் 1863-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். 1865-இல் மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்த நீக்கம் செல்லாது என்றது. கேள்வி கேட்டவர் பெயர் இந்த விவாதங்களில் விட்டுப்போய்விடுகிறது, அதனால்தான் எழுதினேன்.

தென்காசி பீர் எழுதியது:

வாத்தியார், இந்த எண்ணிக்கை விஷயத்தில் குர்ஆனையும் பார்க்கலாம். மூஸா நபி (நீங்கள் சொல்லும் மோசே) தம் மக்களோடு புறப்பட்டபோது, 'இவர்கள் ஒரு சிறு கூட்டத்தார்தான்' என்று ஃபிர்அவ்ன் (பார்வோன்) சொல்வதாக 26:54-இல் வருகிறது. ஆறு லட்சம் என்ற எண் குர்ஆனில் இல்லை. பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து சினாயில் இருபது லட்சம் பேர் நாற்பது ஆண்டு இருந்த தடயம் இல்லை என்பதை வைத்து மூஸா நபியே இல்லை என்று சொல்வது என் பார்வையில் அவசரம். சிறு கூட்டம் என்றால் பாலைவனத்தில் தடயம் எதிர்பார்க்க முடியுமா? மண்ணடுக்கு சொல்லட்டும்.

மண்ணடுக்கு எழுதியது:

பீர் பாய், நீங்கள் கேட்டதும் பல ஆய்வாளர்கள் இன்று வந்து நிற்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு சிறு குழு எகிப்திலிருந்து தப்பி வந்திருந்தால் மண்ணில் தடம் இருக்காது. இருபது லட்சம் பேர் என்றால் இருந்தே ஆக வேண்டும். இஸ்ரவேலர் பாலைவனத்தில் நெடுநாள் தங்கியதாக வேதம் சொல்லும் காதேஸ் பர்னேயா என்று கருதப்படும் தெல் எல்-குதெய்ராத்தில் அந்தக் காலத்து ஊர் கிடைக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படும் தடை வேறு. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் கானானே எகிப்தின் கையில் இருந்தது. பெத்செயானில் எகிப்தியப் படைமுகாம், அங்கே சேத்தி, ராமசேஸ் மன்னர்களின் கல்வெட்டுகள். யாப்பாவில் ராமசேஸ் பெயர் பொறித்த வாசல். 1887-இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த, அதற்கு முந்தைய நூற்றாண்டு மடல்களில் எருசலேம் தலைவன் அப்தி-ஹேபா, வில்லாளிகளை அனுப்புங்கள் என்று பார்வோனிடம் மன்றாடுகிறான். எகிப்தை விட்டுத் தப்பியவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் எகிப்துதான். யோசுவா புத்தகத்தில் ஒரு எகிப்தியச் சிப்பாய்கூட எதிர்ப்படவில்லை. கதை கடைசி வடிவம் பெற்ற காலத்தில் அந்த ஆட்சி மறந்தே போயிருக்கிறது.

ஆனாலும் இஸ்ரவேல் என்ற மக்கள் அங்கே இருந்தார்கள். 1896-இல் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி தீப்ஸில் கண்டெடுத்த மெர்னெப்தா கல்வெட்டு, கி.மு. 1208 வாக்கில் 'இஸ்ரவேல் பாழானது, அதன் வித்து இல்லை' என்கிறது. நகரம் என்று குறிக்கும் அடையாளம் இல்லாமல், மக்கள்கூட்டம் என்று குறிக்கும் அடையாளத்தோடு எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் நடு மலைநாட்டில் சிறு சிறு கிராமங்கள் திடீரென்று முளைக்கின்றன. இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் முதலானோர் மலை மலையாக நடந்து கணக்கெடுத்ததில் இருநூற்றுக்கு மேல் வந்தது. மதில் இல்லை, அரண்மனை இல்லை. கழுத்தில் வளையம் வைத்த பெரிய சாடிகள், மழைநீர்த் தொட்டி, படிக்கட்டு வயல். கடலோரப் பெலிஸ்தியர் ஊர்களில் பன்றி எலும்பு ஏராளம், இங்கே கிட்டத்தட்ட இல்லை. பானைகள் எகிப்திய மரபும் அல்ல, பாலைவன மரபும் அல்ல, கானானியரின் பானைதான். அதனால் இவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள், இடையர்களும் நொடித்துப்போன குடியானவர்களும் மலையேறியவர்கள் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். எப்படி ஏறினார்கள் என்பதில்தான் சண்டை. மெண்டன்ஹால் 1962-இல் விவசாயிகள் கலகம் என்றார். ஃபின்கெல்ஸ்டைன் இடையர்கள் நிலைகொண்டது என்கிறார். எகிப்திலிருந்து வந்த சிறு குழு ஒன்று இவர்களோடு கலந்து தன் கதையை எல்லோருக்கும் கொடுத்தது என்பவர்களும் உண்டு. நான் அந்தக் கடைசிப் பக்கம் சாய்கிறேன். அடிமைகளாக இருந்தோம் என்ற கதையை ஒரு மக்கள் சும்மா தங்கள் மேல் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

பாளை வேதமாணவன் எழுதியது:

கெனத் கிச்சன் என்ற எகிப்தியல் அறிஞர் சொன்னதையும் இங்கே சேர்த்துவிடுங்கள். யாத்திராகமம் 1:11-இல் இஸ்ரவேலர் கட்டிய பட்டணம் ராமசேஸ். அந்த நகரம் கி.மு. 11-ஆம் நூற்றாண்டுக்குள் கைவிடப்பட்டு, அதன் கற்களையும் சிலைகளையும் தானீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாரசீகக் காலத்தில் உட்கார்ந்து கற்பனை செய்தவனுக்கு அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது? பழைய ஞாபகம் உள்ளே இருக்கிறது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். கர்த்தர் இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டார் என்று விசுவாசிக்கிறேன், நாளைக்கும் விசுவாசிப்பேன். அதற்காகக் கார்ஸ்டாங்கின் மதிலைப் பிரசங்கத்தில் சாட்சியாக நிறுத்த மாட்டேன். விழுந்துபோன வாதத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துவது வேதத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல.

சாலொமோன் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு கேள்வி. 1 இராஜாக்கள் 9:15 சொல்கிற ஆத்சோர், மெகிதோ, கேசேர் மூன்றிலும் ஒரே மாதிரி ஆறு அறை வாசல்கள் இருப்பதை அகழாய்வாளர் யிகாயேல் யாதீன் காட்டி, அவை சாலொமோன் கட்டியவை என்றாரே, அது இன்னும் நிற்கிறதா?

மண்ணடுக்கு எழுதியது:

ஐயா, அது இன்னும் தீராத வழக்கு. 1996-இல் ஃபின்கெல்ஸ்டைன் அந்தக் கட்டடங்களைச் சுமார் எண்பது, நூறு ஆண்டு கீழே இறக்கி, கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அரசர்கள் ஒம்ரி, ஆகாப் காலத்துக்குக் கொடுத்தார். அப்படி இறக்கினால் சாலொமோனின் பெரிய ராஜ்யத்துக்கு மண்ணில் மிச்சம் குறைந்துவிடும். அமிகாய் மசார் தெல் ரெகோவில் கிடைத்த தானியத் தேதிகளை வைத்து அவ்வளவு இறக்க வேண்டியதில்லை என்றார். யோசேப் கார்ஃபிங்கெல் 2007-இலிருந்து கிர்பெத் கெயாபாவில் தோண்டி, எருசலேமுக்குத் தென்மேற்கே மதில் சூழ்ந்த ஒரு சிற்றூரைக் காட்டினார். அங்கே கிடைத்த ஒலிவ விதைகளின் தேதி தாவீது காலத்தை ஒட்டி வருகிறது. அது யூதா ராஜ்யத்தின் ஊர்தான் என்கிறார் அவர், அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்கிறார் ஃபின்கெல்ஸ்டைன். இரண்டு தரப்பும் அளக்கும் பொருள் ஒன்றே, ஒரு கைப்பிடி கருகிய விதை. கி.மு. 10-ஆம் நூற்றாண்டுக்கும் 9-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே கார்பன் அளவு அவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டாததால் சண்டை நீள்கிறது.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் அகழாய்வு அறிக்கைகளைக் கொண்டுபோக முடியாது. வேதப் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த விவாதத்தை எங்கே தொடங்கலாம்?

பாளை வேதமாணவன் எழுதியது:

யோசுவா 11:23-இல் தொடங்குங்கள், யோசுவா தேசமனைத்தையும் பிடித்தான் என்று இருக்கும். அடுத்த அதிகாரத்தில் தோற்ற ராஜாக்கள் 31 பேரின் பட்டியல் வரும். எருசலேம், கேசேர், தானாக், மெகிதோ, தோர் ராஜாக்கள் அதில் உண்டு. அந்த ஐந்து பெயரையும் பலகையில் எழுதிவிட்டு, நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் 21 முதல் 29 வரை வாசிக்கச் சொல்லுங்கள். எருசலேமில் எபூசியரைத் துரத்தவில்லை, தானாக், தோர், மெகிதோ ஊர்க்காரரைத் துரத்தவில்லை, கேசேரில் கானானியரைத் துரத்தவில்லை என்று வரும். இரண்டு சாட்சியங்களையும் வேதத்தைத் தொகுத்தவர்கள் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள், ஒன்றையும் அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு வகுப்பு முழுக்க அதற்கே போய்விடும். எரிகோவை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்.